சோலோ நடுவுல ஹார்ப் (மவுத் ஆர்கன்தான்) மாத்துறது எப்படி? போன சனிக்கிழமை மானம் போச்சு

ஊதல்_கோவை:

எல்லாருக்கும் வணக்கம். நாலு வருஷமா மவுத் ஆர்கன் வாசிக்கிறேன், பத்து ஓட்டை டயடோனிக் (ஒண்ணுக்கு ஒரு சுருதிதான்), எல்லாமே ஸ்பெஷல் 20 மாடல்தான், சி, டி, ஜி, ஏ நாலு சுருதி இருக்கு. வீக்கெண்டுல ஃப்ரெண்ட்ஸ் கூட சேர்ந்து வாசிப்போம், ஒரு கிடார், ஒரு பேஸ், கஹோன் (மேல உக்காந்து தட்டுற மரப்பெட்டி), அப்புறம் நான். கிடார்காரன் சொந்தமா ஒரு 12 பார் புளூஸ் போட்டிருக்கான் (பாருக்கு நாலு பீட்டு, 12 பார் சேர்ந்தா ஒரு ரவுண்டு), ஜி ல ரெண்டு ரவுண்டு போய் மூணாவது ரவுண்டுல திடீர்னு ஏ க்கு ஏறும், அந்த மூணு ரவுண்டும் என் சோலோ. ஜி க்கு சி ஹார்ப், ஏ க்கு டி ஹார்ப், செகண்ட் பொசிஷன்ல, அதாவது ஹார்ப்போட பஞ்சமத்த ஷட்ஜமா வச்சு வாசிக்கிறேன். தனித்தனியா ரெண்டும் நல்லாவே வருது, பிரச்சனை நடுவுல மாத்துற இடம் மட்டும்தான்.

டெம்போ 120. அதாவது ஒரு பார் ரெண்டே செகண்டு. சி ஹார்ப்ப கீழ வச்சு டி ய எடுத்து வாயில வைக்கிறதுக்குள்ள ஒரு பார் போயிடுது, ரிகர்சல்ல எப்படியோ சமாளிச்சேன். போன சனிக்கிழமை ஒரு அபார்ட்மெண்ட் ஃபங்ஷன், ஸ்டேஜ்ல லைட்டு வேற கண்ணுல அடிக்குது, பக்கத்துல ஸ்டூல் மேல வச்சிருந்த டி ய சரியாத்தான் எடுத்தேன், ஆனா தலைகீழா எடுத்திருக்கேன். 2 ஆம் ஓட்டைல மூச்ச உள்ள இழுத்தா கணீர்னு ஏ வரணும், அதுக்கு பதிலா 9 ஆம் ஓட்டைல இருந்து மேல் ஜி கீச்சுனு வந்துச்சு பாருங்க, முன்வரிசைல இருந்த குழந்தை காதை பொத்திக்கிச்சு. அதை திருப்புறதுக்குள்ள இன்னும் ரெண்டு பார் காலி. கஹோன்காரன் இன்னிக்கு வரைக்கும் என்னைப் பார்த்தா 'கீச்சு' ன்னுதான் கூப்பிடுறான்.

ஸ்பீடா மாத்த எப்படி பழகுறது? ரெண்டையும் ஒரே கையில புடிக்கிறதா, இல்ல பெல்ட் மாதிரி ஏதாவது வாங்கணுமா? மைக் ஸ்டாண்ட்லதான் இருக்கும், கையில புடிக்கிற பழக்கம் இல்ல. அடுத்த ப்ரோக்ராம் இன்னும் மூணு வாரத்துல.

கீபோர்டு_பையன்:

ப்ரோ எதுக்கு இவ்வளவு கஷ்டம், பேசாம ஒரு குரோமாட்டிக் வாங்கிடுங்க. பக்கத்துல பட்டன் இருக்கும், அமுக்கினா அரை சுரம் ஏறும், 12 சுரமும் ஒரே பெட்டிக்குள்ள, எந்த சுருதிக்கு வேணாலும் போகலாம். பிரச்சனை ஓவர்.

ஊதல்_கோவை:

யோசிச்சேன் ப்ரோ. ஆனா புளூஸ்ல எனக்கு வேண்டியதே அந்த 2, 3 ஆம் ஓட்டைய இழுத்து வளைக்கிற சவுண்டுதான். டயடோனிக்ல ஒரே ஓட்டைல ஊதுற ரீடும் (உள்ள அதிர்ற மெட்டல் நாக்கு) இழுக்குற ரீடும் சேர்ந்து ஆடி சுரம் கீழ இறங்குது, 3 ஆம் ஓட்டைல ஒண்ணரை சுரம் வரைக்கும் இறக்கலாம். குரோமாட்டிக்ல வால்வு ஒட்டியிருக்கும், அங்க பெண்ட் (சுரத்த வளைக்கிறது) வரும்னாலும் இந்த அழுகை வராது. அதுவும் போக விலை கேட்டீங்களா, இந்த மாசம் வீட்டுல சொல்ற நிலைமைல இல்ல.

பத்து_ஓட்டை:

முதல்ல ஒரு ஆறுதல். ஏ செவன் கார்டுல ஜி சுரம் இருக்கு, அதனால நீங்க வாசிச்சது தப்பு சுரம் இல்ல, ரெண்டு மாடி மேல போய் வாசிச்சிருக்கீங்க அவ்வளவுதான். கஹோன்காரர்கிட்ட இதை சொல்லுங்க.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். எல்லாரும் கை வேகம் கை வேகம்னே யோசிக்கிறாங்க, நானும் ரெண்டு வருஷம் அப்படித்தான் வீட்டுல டிவி முன்னாடி உக்காந்து சர்க்கஸ்காரன் மாதிரி மாத்தி மாத்தி எடுத்து பழகினேன், ஸ்டேஜ்ல போனா அதே சொதப்பல். அப்புறம்தான் புரிஞ்சுது, கை வேகத்துல ஒண்ணும் இல்ல, எந்த சுரத்துல நிறுத்தி எந்த சுரத்துல தொடங்குறோம்ங்கறதுலதான் இருக்கு. நீங்க ஜி ரவுண்டு கடைசி வரைக்கும் நிரப்பி வாசிச்சிட்டு ஏ ரவுண்டு முதல் பீட்டுலயே சம்ல இறங்கணும்னு நினைக்கிறீங்க. யாரு கேட்டா? முதல் பீட்ட கிடார் அடிக்கட்டும். நாதஸ்வர கச்சேரில வித்வான் வாயை எடுத்துட்டு சீவாளிய சரி பண்ணுவாரு, ஒத்து பாட்டுக்கு ஓடும், தவில்காரர் ஒரு தட்டு தட்டுவாரு, கீழ உக்காந்திருக்கற ஒருத்தனாவது கச்சேரி நின்னுச்சுன்னு சொல்லுவானா?

உங்க கேஸ்ல நல்லா அமையுற ஒரு சுரம் இருக்கு, ஈ. சி ஹார்ப்புல 5 ஆம் ஓட்டைய ஊதினா ஈ. டி ஹார்ப்புல 4 ஆம் ஓட்டைய இழுத்தா அதே ஈ, அதே ஸ்தாயி, அச்சு அசல். ஏ க்கு போறதுக்கு முன்னாடி வர்ற பார்ல ஈ தான் பஞ்சமம். அதனால பன்னெண்டாவது பார்ல சி ஹார்ப்புல ஈ ய ஊதி நீட்டுங்க, ரெண்டு பீட்டு போதும், விட்டுடுங்க, மாத்துங்க, டி ஹார்ப்புல அதே ஈ ய இழுத்து பிடிங்க. கேக்கறவனுக்கு ஒரே சுரம் நடுவுல மூச்சு விட்டுட்டு தொடருற மாதிரி இருக்கும். அங்கேருந்து 3 ஆம் ஓட்டை, 2 ஆம் ஓட்டைன்னு சறுக்கி ஏ ல வந்து உக்காந்துக்கோங்க.

இதுல இன்னொரு லாபம் மூச்சு. செகண்ட் பொசிஷன்ல பாதிக்கு மேல இழுக்குற சுரம்தான், ரெண்டு ரவுண்டு முடியறப்ப நெஞ்சு ஃபுல்லா காத்து நிக்கும், கண்ணு பிதுங்கும். கடைசில ஊதி முடிச்சா காத்து காலி, அடுத்தது இழுக்குற சுரம். மூச்சுக்குன்னு தனியா நேரம் ஒதுக்க வேண்டியதே இல்ல.

ஒண்ணு மட்டும் கிடார்காரர்கிட்ட கேட்டுக்கோங்க, அந்த பன்னெண்டாவது பார்ல அவர் டி செவன் போடுறாரா ஈ செவன் போடுறாரா? டி செவன் போட்டா காது திரும்ப ஜி க்குத்தான் போகும், ஏ வந்து நிக்கறப்ப யாரோ முதுகுல தள்ளின மாதிரி இருக்கும். ஈ செவன் போடச் சொல்லுங்க.

புடிக்கிற விஷயம். ரெண்டையும் இடது கையில அடுக்கி புடிங்க, சி மேல, டி கீழ. ஆட்காட்டி விரல் சி மேல, கட்டை விரல் டி க்கு அடியில. ரெண்டையும் சரிசமமா வைக்காதீங்க, டி ய ஒரு ஓட்டை அளவு வலது பக்கம் தள்ளி வைங்க, முக்கா சென்டிமீட்டர் இருக்கும். அப்ப சி யோட 5 க்கு நேர் கீழ டி யோட 4 வந்துடும். ஈ க்கு கீழ ஈ! தலைய அசைக்க வேண்டாம், மணிக்கட்ட லேசா மேல தூக்கினா உதடு தானா கீழ் ஹார்ப்புல போய் நிக்கும்.

நஷ்டமும் சொல்லிடுறேன். ரெண்டு ஹார்ப் கையில இருந்தா உள்ளங்கைய குவிச்சு வா-வா பண்றது கிட்டத்தட்ட போச்சு. அதனால முதல் ஒண்ணரை ரவுண்டு சி ய மட்டும் புடிச்சு நல்லா குவிச்சு வாசிங்க, ரெண்டாவது ரவுண்டு நடுவுல ஒரு நீண்ட சுரம் வரும்ல, அங்க வலது கையால டி ய எடுத்து அடியில செருகிக்கோங்க. மாத்தி முடிச்சதும் மேல இருக்கற சி ய வலது கையால உருவி பாக்கெட்ல போட்டுடுங்க, திரும்ப கை ஃப்ரீ.

தலைகீழ் பிரச்சனைக்கு, ஸ்டூல் மேல ஒரு டர்க்கி டவல விரிங்க, வழுக்காது. ஓட்டை எல்லாம் உங்களப் பார்த்து, நம்பர் மேல. கவர் பிளேட்ல 1 ஆம் ஓட்டை பக்கம் விரல் படுற இடத்துல சின்னதா ஒரு துண்டு டேப் ஒட்டுங்க. விரல்ல தட்டுப்பட்டா இடது பக்கம், மேல் பக்கம்னு அர்த்தம், கண்ணால பாக்கவே தேவையில்ல. எனக்கு இது எப்படி தெரியும்னா, ஒரு கல்யாண ரிசப்ஷன்ல இருட்டுல ஜி ஹார்ப்ப எடுக்கறேன்னு பக்கத்துல இருந்த கேப்போவ (கிடார் கழுத்துல மாட்டுற கிளிப்) எடுத்து வாயில வச்சவன் நான்.

பெல்ட் எல்லாம் இப்ப வேண்டாம். ஜான் பாப்பர் மாதிரி உடம்பு பூரா எல்லா சுருதியையும் மாட்டிக்கிட்டு மூணு மணி நேரம் வாசிக்கிறவங்களுக்கு சரி, ரெண்டு ஹார்ப்புக்கு எதுக்கு தோட்டா பெல்ட்டு?

ஈப்போ_காத்து:

தம்பி, நான் மலேசியா, ஈப்போ. சின்ன வயசுல சீனப் பள்ளில படிச்சேன், அங்க ஹார்மோனிகா குழு இருக்கும்லா, நாப்பது அம்பது பிள்ளைங்க ஒண்ணா நின்னு வாசிப்போம். நீங்க கேக்கறது எங்களுக்கு முதல் வருஷ பாடம்.

எங்களது டிரெமொலோ, நீங்க வாசிக்கிற பத்து ஓட்டை இல்ல. ஒவ்வொரு சுரத்துக்கும் மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு ரெண்டு ரீடு, ஒண்ணு கொஞ்சூண்டு சுருதி தள்ளி இருக்கும், அதனாலதான் அந்த நடுக்கம் வருது. ஊருல மவுத் ஆர்கன்னு கடையில விக்கிறது பாதி இதுதான். இதுல பெண்ட் வராது, அதனால அரை சுரம் வேணும்னா வேற வழியே இல்ல, ரெண்டு பெட்டி வேணும். கீழ சி, மேல சி ஷார்ப். சேர்த்து வச்சா பன்னெண்டு சுரமும் வந்துடும். பியானோல கறுப்பு கட்டை மேல தள்ளி இருக்குதுல்ல, அதே மாதிரி நினைச்சுக்கணும்னு வாத்தியார் சொல்வார். தைவான், ஹாங்காங், ஜப்பான் பக்கம் எல்லாம் இப்படித்தான் வாசிப்பாங்க, சில பேர் மைனர் சுருதில மூணாவது ஒண்ணையும் அடியில புடிச்சிருப்பாங்க, பாக்க சாண்ட்விச் மாதிரி இருக்கும்லா.

ஒரு உதாரணம். ஜி ல இருந்து எஃப் ஷார்ப் போகணும். ஜி கீழ் பெட்டில ஊதுறது, எஃப் ஷார்ப் மேல் பெட்டில இழுக்குறது. பெட்டி மாறுது, மூச்சும் மாறுது, ரெண்டும் ஒரே நேரத்துல நடக்கணும். புதுசா வர்ற பிள்ளைங்க எல்லாம் பெட்டி மாறுறதுக்கு முன்னாடியே மூச்ச மாத்திடும், நடுவுல ஒரு அழுக்கு சுரம் கேக்கும். அதுக்கு வாத்தியார் என்ன பண்ணுவார்னா பாட்டே குடுக்க மாட்டார், ரெண்டே சுரம், அந்த ஜி யும் எஃப் ஷார்ப்பும், மெட்ரோனோம் (தாளம் தட்டுற கருவி) 60 ல வச்சு பத்து நிமிஷம், அழுக்கு இல்லாம வந்தாதான் 70. அழுதுருக்கேன் நான். ஆனா இன்னிக்கு அம்பத்தாறு வயசு, தூக்கத்துல எழுப்பி குடுத்தாலும் வாசிப்பேன்.

உங்களுக்கும் அதையேதான் சொல்றேன், மேல தம்பி சொன்ன அந்த ஈ, அதை மட்டும் எடுங்க. சோலோவ தொடாதீங்க. ஊது, மாத்து, இழு. ஊது, மாத்து, இழு. ஒரு வாரம். அப்புறம் முன்னாடி ரெண்டு பார் பின்னாடி ரெண்டு பார் சேர்த்துக்குங்க. முழுப் பாட்டையும் முதல்ல இருந்து வாசிச்சு அந்த இடம் வர்றப்ப சொதப்பி, திரும்ப முதல்ல இருந்துன்னு போனீங்கன்னா, சொதப்புறதத்தான் பழகுவீங்க.

இன்னொண்ணு. மாத்தறப்ப பெட்டிய வாய்ல இருந்து ரொம்ப தூரம் எடுக்காதீங்க. உதடு ரெண்டுக்கும் நடுவுல இருக்கற பள்ளத்துல உரசிக்கிட்டே போகணும். உதடு காஞ்சிருந்தா ஒட்டும், முதல்ல நனைச்சுக்குங்க.

தம்புரா_ஆன்_பண்ணு:

நான் ஹார்மோனிகாவ விட பாட்டு கத்துக்கிட்டவன், அதனால கொஞ்சம் வேற பக்கம் இருந்து வர்றேன். மாத்தாமலே வாசிக்க வழி இருக்கான்னு யாருமே கேக்கலையே?

நீங்க எல்லாம் பொசிஷன் பொசிஷன்னு சொல்றது எங்க ஊர் கிரகபேதம் தான். சி ஹார்ப்புல இருக்கறது சங்கராபரணம் சுரங்கள். அதையே ஜி ய ஷட்ஜமா வச்சா ஹரிகாம்போஜி, அதுதான் உங்க செகண்ட் பொசிஷன். டி ய ஷட்ஜமா வச்சா கரகரப்ரியா, அது மூணாவது. ஏ ய வச்சா நடபைரவி, ஈ ய வச்சா தோடி, எஃப் ல வச்சா கல்யாணி. புளூஸ்காரன் ஹரிகாம்போஜிய வச்சிக்கிட்டு காந்தாரத்தை இறக்கி ஏத்தி அழ வைக்கிறான். நான் இதை முதல்ல புரிஞ்சிக்கிட்ட அன்னிக்கு ராத்திரி தூங்கலைங்க, ஒரே பெட்டிக்குள்ள ஆறு ராகம்!

இப்ப உங்க பாட்டு அஞ்சு கட்டைல (ஜி) இருந்து ஆறு கட்டைக்கு (ஏ) போகுது. ஜி ஹார்ப் இருக்குன்னு சொன்னீங்க. அதை மட்டும் எடுங்க. ஜி ரவுண்டுக்கு அது முதல் பொசிஷன், ஏ ரவுண்டுக்கு அதுவே மூணாவது பொசிஷன், அதாவது ஏ ல கரகரப்ரியா. 4 ஆம் ஓட்டைய இழுத்தா ஏ, அதுதான் ஷட்ஜம். ஒரு பெட்டி, கை எடுக்கவே வேண்டாம், தலைகீழா எடுக்கற பயமும் இல்ல.

பத்து_ஓட்டை:

அருமையான ஐடியா, ஆனா ரெண்டு முள்ளு இருக்கு. ஒண்ணு, ஜி ஹார்ப்புல 4, 5, 6 மூணையும் சேர்த்து இழுத்தா வர்றது ஏ மைனர், கிடார் அந்தப் பக்கம் ஏ செவன் அடிச்சுக்கிட்டு இருப்பாரு. ஒத்தை சுரமா வாசிச்சா சாதாரண காந்தாரம் (கீழ் காந்தாரம்) புளூஸ் வாசனையோட அழகா உக்காரும், கார்டா வாசிச்சா மோதும். ரெண்டு, முதல் பொசிஷன்ல புளூஸ் வாசிக்கணும்னா கீழ் ஸ்தாயில கொஞ்சம், அப்புறம் மேல 8, 9, 10 ல ஊதி வளைக்கிறது, நடு ஸ்தாயில வளைக்க பெருசா ஒண்ணும் கிடையாது. நாலு வருஷம் செகண்ட் பொசிஷன் வாசிச்ச கைக்கு மூணு வாரத்துல இதை ஏத்துறது சாத்தியமான்னு தெரியல.

ஓவர்புளோன்னு ஒரு சமாச்சாரம் இருக்கு, ஹோவர்ட் லெவி அதை வச்சிக்கிட்டு ஒரே டயடோனிக்ல எல்லா சுருதியும் வாசிக்கிறாரு. ஆனா அந்த வழில போனா அடுத்த ப்ரோக்ராம் மூணு வருஷம் கழிச்சுதான்.

தம்புரா_ஆன்_பண்ணு:

மோதுறது உண்மைதான், ஒத்துக்கறேன். ஆனா சாதாரண காந்தாரத்துக்காக யாரும் சண்டை போட்டு நான் பாத்ததில்ல 🙂

ரீடு_டாக்டர்:

மெக்கானிக் பார்வைல சில விஷயம், யாரும் சொல்லாததால.

ரெண்டாவது ஹார்ப் பத்து நிமிஷமா ஸ்டூல் மேல ஏசி காத்துல கிடந்தா ரீடு ஜில்லுனு இருக்கும். சூடான மூச்சு பட்ட உடனே உள்ள ஈரம் கோக்கும், ஒரு சுரம் ஒட்டிக்கிட்டு ஊமையாயிடும். எது ஊமையாகும்னு நினைக்கிறீங்க, நீங்க இறங்கப் போற அதே 4 தான், கெட்டுப்போக வழி இருந்தா கெட்டே தீரும்னு சொன்ன மர்ஃபிக்கு தெரியும். சோலோ தொடங்கறதுக்கு முன்னாடி டி ய உள்ளங்கைல ரெண்டு நிமிஷம் பொத்தி வைங்க, இல்ல பேண்ட் பாக்கெட்ல வைங்க. பாக்கெட்னா சில்லறை, சாவி, பஞ்சு எதுவும் இல்லாத பாக்கெட். என்கிட்ட 'ரீடு போயிடுச்சு' ன்னு வர்றதுல பாதி ரீடு போயிருக்காது, ஒரு நூல் சிக்கியிருக்கும். ஒரு தடவை ஒருத்தரோட 3 ஆம் ஓட்டைல இருந்து முழு சீரகம் ஒண்ணு எடுத்தேன், பிரியாணி சாப்பிட்டுட்டு வாய் கொப்பளிக்காம வாசிச்சிருக்காரு.

ரெண்டையும் ரப்பர் பேண்ட் போட்டு கட்டலாம்னு தோணும், கட்டாதீங்க. கவர் பிளேட்டுக்கு பின்னாடி இருக்கற திறப்ப அது மறைச்சா சத்தம் அமுங்கும், அதோட மாத்தி முடிச்சப்புறம் சி ய உருவவும் முடியாது.

அப்புறம் அந்த ஈ. ஹார்ப்ப ஜஸ்ட் டியூனிங்ல வச்சிருந்தா 5 ஆம் ஓட்டை ஊதுற சுரம் அந்தர காந்தாரம்ங்கறதால கிடார் ஃப்ரெட்ட விட சுமார் 14 சென்ட் (அரை சுரத்த நூறா பிரிச்சா ஒரு பங்கு ஒரு சென்ட்) கம்மியா நிக்கும், கார்டு சுத்தமா கேக்கறதுக்காக அப்படி வைப்பாங்க. நிறைய கம்பெனி நடுவுல ஒரு சமரசம் பண்ணி வைக்கிறாங்க. அதனால ரெண்டு ஹார்ப்புலயும் ஈ மயிரிழை வித்தியாசம் காட்டலாம். ஸ்டேஜ்ல எவனுக்கும் கேக்காது, வீட்டுல ட்யூனர் வச்சு பாத்துட்டு பதறாதீங்க, அதுக்குத்தான் சொல்றேன்.

ஊதல்_கோவை:

எல்லாருக்கும் பெரிய நன்றி, ப்ரோக்ராம் நேத்து முடிஞ்சுது, ரிப்போர்ட் குடுக்கலாம்னு வந்தேன்.

முதல் வாரம் ஈப்போ அண்ணா சொன்ன மாதிரி அந்த ஒரே ஈ தான். ஊது, மாத்து, இழு. வீட்டுல எம் பொண்ணு, ரெண்டாவது படிக்கிறா, 'அப்பாக்கு வேற பாட்டு தெரியாதாம்மா' ன்னு கேட்டுட்டா. 60 ல தொடங்கினேன், அந்த அழுக்கு சுரம் எனக்கும் கேட்டுச்சு, சி ல இருந்து வாய் முழுசா வர்றதுக்கு முன்னாடியே இழுத்துடுறேன், அது 5 ஆம் ஓட்டைய இழுத்த எஃப். அது தெரிஞ்சப்புறம்தான் சரி பண்ண முடிஞ்சுது. அஞ்சாவது நாள் 120 வந்துடுச்சு.

அடுக்கி புடிக்கிறதுல முதல்ல கட்டை விரல் வலிச்சுது, டி நழுவி நழுவி போச்சு, அந்த ஒரு ஓட்டை தள்ளி வைக்கிற கணக்கு எனக்கு கண்ணால பாத்தாதான் வந்துச்சு. அதனால டி யோட கவர் பிளேட்ல சி யோட முனை எங்க வந்து நிக்கணுமோ அங்க இன்னொரு டேப் துண்டு ஒட்டினேன். இப்ப செருகறப்ப சி யோட முனை அந்த டேப்ல போய் தட்டி நிக்குது, டக்குனு. இதை யாராவது ட்ரை பண்ணி பாருங்க, ரொம்ப உதவி.

கிடார்காரன்கிட்ட கேட்டேன், பத்து_ஓட்டை அண்ணா சந்தேகப்பட்ட மாதிரியே டி செவன் தான் போட்டுக்கிட்டு இருந்திருக்கான். ஈ செவன் போடுடான்னேன், போட்டான், போட்ட உடனே பேஸ்காரன் நிமிந்து பாத்து 'ஏய் இப்பதான்டா இது பாட்டு மாதிரி இருக்கு' ன்னான். இவ்வளவு நாள் நான் தடுமாறினதுல பாதி அவன் பங்குன்னு சொன்னா ஒத்துக்க மாட்டேங்கிறான்.

நேத்து ஸ்டேஜ்ல மாத்தினது சுத்தம். உண்மையா சொல்லணும்னா சி ய உருவி பாக்கெட்ல போடறப்ப பாக்கெட் தப்பி கீழ விழுந்துச்சு, மைக்ல 'டொக்' குனு கேட்டுச்சு, சரியா ரெண்டாவது பீட்டுல. கஹோன்காரன் வாசிச்சதுன்னு எல்லாரும் நினைச்சுட்டாங்க. அவனும் மறுக்கல.

ஜி ஹார்ப் கரகரப்ரியாவும் வீட்டுல ட்ரை பண்ணேன் சார், நல்லா இருக்கு, ஆனா அது வேற ஒரு பாட்டுக்கு வச்சிக்கலாம்னு இருக்கேன், இந்தப் பாட்டுக்கு அந்த ஏ ரவுண்டு கொஞ்சம் சிரிச்ச முகமா இருக்கணும்.

ஒரே ஒரு சிக்கல். மாத்தினது நல்லா இருந்ததால கிடார்காரனுக்கு ஆசை ஏறிடுச்சு, நாலாவது ரவுண்டு சேர்த்து பி ஃபிளாட்டுக்கு போலாமாங்கிறான்.

தம்புரா_ஆன்_பண்ணு:

ஆறரைக் கட்டையா! இன்னும் கொஞ்சம் போனா டி.எம்.எஸ். பாட்டு பாடுறவங்க உங்கள தேடி வருவாங்க.

பத்து_ஓட்டை:

அதுக்கு ஈ ஃபிளாட் ஹார்ப் வேணுமே, உங்ககிட்ட சி, டி, ஜி, ஏ தானே இருக்கு?

ஊதல்_கோவை:

ஆமா இல்ல. ஆனா அதை அவன்கிட்ட சொல்லல, ரிகர்சல்ல பாத்துக்கலாம்னு சொல்லியிருக்கேன்.

ஈப்போ_காத்து:

மூணு பெட்டி அடுக்குறதுக்கு கட்டை விரல் இன்னும் கொஞ்சம் வலிக்கும்லா தம்பி. வீடியோ போடுங்க.